நுரை அடங்கிய பிறகு

கோயம்புத்தூர் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் நல்ல தண்ணி. சிறுவாணியோ பில்லூரோ, முறை வைத்து வரும். இன்னொன்றில் எந்நேரமும் வருவது போர் தண்ணி. எங்கள் பேச்சில் உப்புத் தண்ணி. விருந்தாளி துண்டை எடுத்துத் தோளில் போடும்போதே அம்மா குரல் கொடுத்துவிடுவார்: "அந்தப் பக்கத்துக் குழாயத் தொறந்துறாதீங்க, அது உப்புத் தண்ணிங்க, சோப்பு நுரைக்காது." நுரைக்காதுதான். எவ்வளவு தேய்த்தாலும் பால் திரிந்த மாதிரித் திரிந்து, பக்கெட் விளிம்பில் சாம்பல் வளையமாக ஒட்டிக்கொள்ளும். தலைக்கு ஊற்றினால் முடி தேங்காய் நாராகிவிடும்.

இதே ஊரின் ஓரமாக ஓடும் நொய்யலில், மழைக்காலத்தில் தடுப்பணைகளுக்குக் கீழே பஞ்சுப் பொதி போல வெள்ளை நுரை மிதக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கள் போர் தண்ணியை விட எந்த விதத்திலும் நல்ல தண்ணி இல்லை.

2017இல் அப்படி நுரை பொங்கியபோது, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் கே.சி. கருப்பணன், அது சாயக்கழிவு அல்ல, கோவை மக்கள் சோப்புப் போட்டுக் குளிப்பதால் வரும் நுரை என்ற பொருளில் பேசினார். ஊரே சிரித்தது. சிரித்து முடித்த பிறகும் கேள்வி அப்படியே இருந்தது. பக்கெட்டில் நுரைக்காத சோப்பு ஆற்றில் எப்படி நுரைக்கும்? இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: சில மைல் தள்ளி நுரை அடங்கிவிடுகிறதே, அதற்குள் இருந்த பொருள் எங்கே போகிறது?

நான்கு பாட்டில்கள்

முதல் கேள்விக்கு ஆய்வகம் வேண்டாம். நான்கு காலி பாட்டில்கள் போதும். இரண்டில் சிறுவாணித் தண்ணீர், இரண்டில் உப்புத் தண்ணி, எல்லாம் அரை பாட்டில் அளவு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் குளியல் சோப்பைச் சீவிப் போடுங்கள். மற்றதில் ஒரு சிட்டிகை வாஷிங் பவுடர். மூடிக் குலுக்குங்கள்.

சிறுவாணியில் இரண்டும் கழுத்து வரை நுரைக்கும். உப்புத் தண்ணியில் சோப்பு போட்ட பாட்டில் கலங்கி, தயிர்க் கட்டி போல மிதக்கவிடும், நுரை விடாது. பவுடர் போட்டது மட்டும் உப்புத் தண்ணி என்றும் பாராமல் நுரைக்கும்.

காரணம் எளிது. உப்புத் தண்ணி என்று நாம் சொல்வதில் சாப்பாட்டு உப்பு மட்டும் இல்லை; பாறையிலிருந்து கரைந்து வந்த கால்சியமும் மெக்னீசியமும் உண்டு. எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சிய அசல் சோப்பு அவற்றைப் பார்த்ததும் இறுகப் பிடித்து, கரையாத கட்டியாகப் பிரிந்துவிடும். பவுடரில் இருப்பது பெட்ரோலியத்திலிருந்து செய்த வேறு பொருள். கால்சியம் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. இந்தியாவில் சர்ஃப் 1959இல் வந்தது, நிர்மா 1969இல். உப்புத் தண்ணி ஊர்களில் அவை வீட்டுக்கு வீடு நுழைந்ததற்கு விளம்பரப் பாட்டு மட்டும் காரணமில்லை.

ஆகவே அமைச்சர் சொன்னதில் பாதி சரி என்பது என் தீர்ப்பு. குளியல் சோப்பு குற்றவாளி இல்லை. ஆனால் துவைக்கிற பவுடரும், ஷாம்புவும், பாத்திரம் கழுவும் லிக்விடும் சுத்திகரிக்காத சாக்கடை வழியே நேராக ஆற்றுக்குப் போகும் ஊரில், வீட்டுக் கழிவே நுரை கிளப்பப் போதும். ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் அளவில் இருந்தாலே தண்ணீர் விழுந்து அடிபடும் இடத்தில் நுரை தெரியத் தொடங்கிவிடும். கோடையில் குளங்களிலும் பள்ளங்களிலும் தேங்கிக் கிடந்ததை முதல் மழை மொத்தமாகத் தள்ளிக்கொண்டு வந்து தடுப்பணையில் கொட்டுகிறது. காற்றும் நீரும் கலந்து அடிபடுகின்றன. பாட்டிலை நாம் குலுக்கினோம், ஆற்றை அணை குலுக்குகிறது.

(எல்லா நுரையும் கழிவு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளியங்கிரி மலையடிவாரத்து ஓடைகளில் இலை மக்கி வரும் நுரை பழுப்பாக இருக்கும், மண் வாசம் அடிக்கும், தொட்டால் உடையும்.)

இருமுகி

நுரைக்க வைக்கும் பொருள்களுக்கு வேதியியலில் சர்ஃபாக்டன்ட் என்று பெயர்; பரப்பு இழுவிசையைக் குறைப்பவை. இந்த அத்தியாயத்தில் அவற்றை இருமுகி என்று கூப்பிடுவோம். ஏனென்றால் அதன் மூலக்கூறுக்கு இரண்டு முகம்: தலை தண்ணீரை விரும்பும், வால் எண்ணெயை விரும்பும். தண்ணீருக்குள் விட்டால் வாலுக்கு அங்கே இருக்கப் பிடிக்காது. தலையை நீரில் வைத்துக்கொண்டு வாலைக் காற்றுப் பக்கம் நீட்டியபடி பரப்பில் வந்து வரிசை கட்டிவிடும். நுரைக் குமிழியின் சுவர் என்பது இரண்டு பக்கமும் இப்படி வரிசை கட்டிய ஒரு மெல்லிய நீர்த்தகடு.

துணியிலுள்ள அழுக்கெண்ணெயை வால் பிடிக்கும், தலை தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போகும். சலவை என்பது அவ்வளவுதான். வேலை முடிந்து ஆற்றுக்கு வந்தபின் இருமுகியின் கதை அதன் வாலின் வடிவத்தைப் பொறுத்தது.

சோளத்தட்டும் வேலமுள்ளும்

மாட்டுக்குத் தட்டு வெட்டும் மிஷினைப் பார்த்திருப்பீர்கள். சோளத்தட்டை ஒரு முனையில் கொடுத்தால் கர்கர்ரென்று இழுத்து ஒரே அளவுத் துண்டாகப் போடும். அதே வாயில் சீமைக்கருவேல முள்கிளையைச் செருகினால் முதல் கவட்டையிலேயே சிக்கி நிற்கும்.

ஆற்றிலிருக்கும் பாக்டீரியாவுக்கும் அப்படி ஒரு வெட்டுமிஷின் உண்டு. கரி அணுக்கள் கோத்த நீளமான வாலை முனையில் பிடித்து, இரண்டிரண்டு அணுவாக வெட்டித் தின்னும். நம் உடலும் கொழுப்பை இப்படித்தான் எரிக்கிறது. ஃபிரான்ஸ் கனூப் என்ற ஜெர்மானியர் 1904இல் இதைக் கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. கொழுப்பு வாலின் ஒரு முனையில், உடலால் தின்ன முடியாத பென்சீன் வளையம் ஒன்றைக் கட்டி நாய்களுக்குக் கொடுத்தார். பிறகு சிறுநீரில் வளையத்தோடு எவ்வளவு வால் மிச்சம் என்று பார்த்தார். வால் ஒற்றைப்படை நீளமானால் ஒருவித மிச்சம், இரட்டைப்படையானால் வேறு மிச்சம். அப்படியானால் இரண்டிரண்டாகத்தான் வெட்டு விழுகிறது.

கனூப் செய்த அந்த வளையம் கட்டிய வாலைத்தான், இரண்டாம் உலகப் போருக்குப் பின் சலவைத்தூள் கம்பெனிகள் டன் கணக்கில் செய்தன. பென்சீன் வளையம், அதில் ஒரு வால், தலையாக ஒரு கந்தகக் கூட்டு. ஒரே ஒரு வித்தியாசம்: மலிவு என்பதால் வாலைப் புரொப்பிலீன் வாயுத் துண்டுகளை ஒட்டிச் செய்தார்கள். அப்படி ஒட்டினால் வால் நேராக வராது. முள்கிளை போலக் கவட்டை கவட்டையாக வரும். வெளுப்பதில் குறையில்லை. ஆனால் பாக்டீரியாவின் மிஷினில் சிக்கியது. 1950களில் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்க ஆறுகளில் நுரை மலையாக எழுந்தது. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் போட்டது. 1964இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கக் கம்பெனிகள் 1965இல் தாங்களாகவே நேர்வாலுக்கு மாறின. வளையம் அதே வளையம், தலை அதே தலை. வாலை நிமிர்த்தினார்கள், மலை இறங்கியது.

இன்று நம் பவுடரில் இருப்பது அந்த நேர்வால்தான். அதற்கான மூலப்பொருளைச் சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் செய்கிறது. காற்றோட்டமுள்ள சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போனால் பாக்டீரியா வாலை வெட்டி, வளையத்தையும் உடைத்து, கரியமில வாயுவும் நீரும் கொஞ்சம் உப்புமாக முடித்துவிடும். மிஷின் ஓட ஆக்சிஜன் வேண்டும், அதுதான் நிபந்தனை. கறுத்து நாறும் குளத்தடிச் சேற்றில் ஆக்சிஜன் இல்லை. நேர்வாலும் அங்கே முழுசாகக் கிடக்கும்.

பனியன் ஊரின் வெட்டிங் ஆயில்

நொய்யலோடு கிழக்கே இறங்கினால் திருப்பூர். நிட்டிங் மிஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய கிரே துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உள்ளே இறங்காது. முத்து மாதிரி உருண்டு உட்கார்ந்திருக்கும். பருத்திக்கு இயற்கையிலேயே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. அது போகாமல் பிளீச்சிங்கும் பிடிக்காது, சாயமும் பிடிக்காது. காரமும் வெட்டிங் ஆயிலும் சேர்த்து மிஷினில் ஓட்டி எடுத்த துணியில் அதே சொட்டை விட்டால், விரலை எடுப்பதற்குள் காணாமல் போகும். சாயப்பட்டறைகளில் இந்தச் சொட்டுச் சோதனை அன்றாட வேலை.

வெட்டிங் ஆயில் என்பது எண்ணெய் இல்லை, கொழகொழவென்ற இருமுகி. பல இருமுகிகள் இந்தப் பெயரில் விற்கின்றன. உலகெங்கும் துணி ஆலைகள் பல ஆண்டுகள் நம்பியிருந்தது அதில் ஒரு குடும்பத்தை: நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட். வாயில் நுழையாததால் பட்டறையிலும், துணி வாங்கும் பையரின் ரிப்போர்ட்டிலும் என்.பி.இ. மலிவு. சூடு, காரம், சாயத்துக்குப் போடும் உப்பு எதற்கும் அசையாது. தலையில் மின்னேற்றம் கிடையாது என்பதால் எங்கள் உப்புத் தண்ணியாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது.

ஒன்பது மணிகள்

இந்த ஒரு மூலக்கூறின் பின்னாலேயே நடந்து பார்ப்போம்.

நடுவில் ஒரு வளையம். ஒரு பக்கம் ஒன்பது கரி அணுக்கள் கொண்ட வால். புரொப்பிலீனிலிருந்து செய்தது, ஆகவே முள்கிளை. இன்னொரு பக்கம் தலை: ஒரே மாதிரியான சின்ன மணிகளைக் கோத்த சரடு. மணிகளின் எண்ணிக்கை சரக்குக்குச் சரக்கு மாறும், நாம் ஒன்பது என்று வைத்துக்கொள்வோம். வேதியியல் எடைக்கணக்கில் மொத்தம் 616. மணி ஒவ்வொன்றும் 44, ஒன்பதுக்கு 396. வாலும் வளையமும் சேர்ந்து 220.

ஆற்றுக்கு வந்ததும் பாக்டீரியா வால் பக்கம் முகர்ந்து பார்க்கும், கவட்டை. திரும்பி மணிச்சரட்டுக்கு வரும். அது ருசியான தீனி. முனையிலிருந்து ஒவ்வொரு மணியாகக் கழற்றித் தின்னத் தொடங்கும். எட்டு, ஏழு, ஆறு. சில நாட்களில் இரண்டு மணிக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு விஷயம் நடக்கிறது. இரண்டு மணித் தலை அந்த வாலைத் தண்ணீரில் தாங்கப் போதாது. இருமுகி இனி இருமுகியாக இல்லை, நுரையும் வராது. பாலத்தின் மேல் நின்று பார்ப்பவருக்கு ஆறு தேறிவிட்டது. கணக்குப் போடுங்கள்: 220உடன் இரண்டு மணிக்கு 88 சேர்த்தால் 308. 616இல் சரிபாதி. நுரை முழுதும் போனபின் சரக்கில் பாதி அப்படியே இருக்கிறது.

வேதியியலாளர்கள் இந்த இடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பொருள் தன் பழைய குணத்தை, இங்கே நுரைக்கும் குணத்தை, இழப்பது முதல்நிலைச் சிதைவு. கரியமில வாயுவும் நீருமாக ஒன்றும் மிச்சமில்லாமல் போவது முழுச் சிதைவு. 'மக்கும்' என்று டப்பாவில் அச்சடிக்கிறவர்கள் எந்தச் சிதைவைச் சொல்கிறார்கள் என்று கேட்பதில்லை நாம்.

மேலே போவோம். தண்ணீரைப் பிடிக்காத அந்தப் பாதி மூலக்கூறு, சேற்றுத் துகளிலும் மீனின் கொழுப்பிலும் ஒட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது. கீழே ஆக்சிஜன் இல்லை. அங்கேயும் சில பாக்டீரியாக்கள் கடைசி இரண்டு மணிகளையும் கழற்றிவிடுகின்றன. மிஞ்சுவது வளையமும் முள்வாலும்: நோனைல்ஃபீனால். எண்ணெயையும் நீரையும் சேர்த்து வைத்தால் எண்ணெய்ப் பக்கம் சுமார் 30,000 மடங்கு கூடுதலாகப் போய்ச் சேரும் பொருள் இது. முதலில் போட்ட வெட்டிங் ஆயிலை விட மீன்களுக்கு நஞ்சு. ஒரு கிலோ என்.பி.இ இந்த வழியிலேயே கடைசி வரை போனால் 357 கிராம் நோனைல்ஃபீனால். எல்லாம் அப்படிப் போவதில்லை, இது உச்சவரம்பு. ஆனாலும், கழிவு சிதையச் சிதையக் கொடிதாகும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

1984 வரை பெரிதாக யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த ஆண்டு வால்டர் கீகரும் கூட்டாளிகளும் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் வட்டாரச் சாக்கடைச் சேற்றைச் சோதித்தார்கள். காற்றில்லாமல் நொதிக்க வைத்த, அதாவது நன்றாகச் சுத்திகரித்துவிட்டோம் என்று நம்பிய சேறு. காய்ந்த சேறு ஒரு கிலோவுக்குச் சராசரியாக ஒரு கிராம் நோனைல்ஃபீனால்.

பொய்ச்சாவி

1980களின் கடைசியில் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோ குழுவுக்கு ஒரு தொல்லை. பெண் ஹார்மோன் ஈஸ்ட்ரஜன் கொடுத்தால் மட்டுமே பெருகும் மார்பகப் புற்றுச் செல்கள், கொடுக்காமலே பெருகின. தேடித் தேடிக் கடைசியில் பிளாஸ்டிக் சோதனைக் குழாயிலிருந்து கசிந்த ஒரு பொருளைப் பிடித்தார்கள். நோனைல்ஃபீனால். அதன் வளைய முனை ஈஸ்ட்ரஜனின் ஒரு முனையைப் போல இருப்பதால், செல்லின் ஹார்மோன் பூட்டில் பொய்ச்சாவியாக நுழைகிறது. அசல் சாவியை விட ஆயிரக்கணக்கான மடங்கு பலவீனம்தான். ஆனால் மீன் இருபத்துநாலு மணி நேரமும் அதே நீரில் கிடக்கிறது.

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறோம். அசல் மான்செஸ்டரிலிருந்து மலை தாண்டினால் யார்க்ஷயர், கம்பளி ஊர். அங்கே ஏர் என்ற ஆற்றில் கம்பளி அலசும் ஆலைகள் என்.பி.இ கலந்த நீரை விட்டன. 1990களில் ஆய்வாளர்கள் ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டில் அடைத்து அந்த ஆற்றில் இறக்கி வைத்தார்கள். சில வாரங்களில் ஆண் மீன்களின் இரத்தத்தில் முட்டை மஞ்சள்கருவுக்கான புரதம் ஊறியது. ஆலைகள் வேறு இருமுகிக்கு மாறியதும் ஆற்றில் நோனைல்ஃபீனாலும் குறைந்தது, மீன்களில் அந்தப் புரதமும் இறங்கியது.

ஐரோப்பா 2005 முதல் தன் ஆலைகளில் என்.பி.இயை அநேகமாக நிறுத்தியது. இருந்தும் சாக்கடையில் வந்துகொண்டிருந்தது. எங்கிருந்து? இறக்குமதித் துணியிலிருந்து. சட்டையை முதல் சில தடவை துவைக்கும்போது மிச்சம் கழன்று அவர்கள் ஆற்றுக்குப் போகிறது. ஆகவே 2021 பிப்ரவரி 3 முதல், துவைக்கக்கூடிய துணியில் 0.01 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி. பையர் கேட்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டின் பின்கதை இதுதான். துணியில் எவ்வளவு தங்கியது என்று அந்த ரிப்போர்ட் சொல்லும். துணியை அலசிய நீரில் எவ்வளவு போனது என்று அதற்குத் தெரியாது.

நீலம் பார்க்காதது

நம் ஊரில் தண்ணீரைச் சோதித்தால் தெரிந்துவிடாதா? குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் சலவைப்பொருளுக்கு ஒரு வரி உண்டு: லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், வேறு நீர் இல்லையென்றால் 1 மில்லிகிராம். சோதிக்கும் முறை பார்க்க அழகாக இருக்கும். மாதிரி நீரில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கலந்து, குளோரோஃபாம் ஊற்றிக் குலுக்கி நிறுத்துவார்கள். நீலம் தனியாகக் குளோரோஃபாமுக்குள் போகாது. எதிர்மின் தலையுள்ள இருமுகி இருந்தால் அதன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும். அடியில் தங்கும் குளோரோஃபாம் எவ்வளவு நீலமோ, அவ்வளவு சலவைப்பொருள்.

வாஷிங் பவுடரை இது பிடித்துவிடும். மின்னேற்றமே இல்லாத என்.பி.இயை? நீலத்துக்குப் பிடிக்கக் கை இல்லை. அடி அடுக்கு வெளுத்தே நிற்கும். நோனைல்ஃபீனாலுக்கும் அப்படியே. அதைப் பார்க்க விலை கூடிய கருவியும், தேட வேண்டும் என்ற எண்ணமும் வேண்டும். அப்படித் தேடியவர்கள் இருக்கிறார்கள்: திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரில் இந்தக் குடும்பத்தைத் தேடி அளந்து 2014இல் வெளியிட்டார்கள். நொய்யல் போய்ச் சேர்வது காவிரியில்தான்.

ஒரத்துப்பாளையம்

திருப்பூருக்குக் கீழே நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிந்தது, பாசனத்துக்காக. சில ஆண்டுகளிலேயே அது சாயநீர்த் தொட்டியாகிவிட, எங்களுக்குத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்ற நிபந்தனை வந்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இந்த வழக்குகளில் அதிகம் பேசப்பட்டவை நிறமும் உப்பும். கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிந்தவை அவைதாமே.

இன்றைய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நீர் வடிகட்டப்பட்டுத் திரும்பப் பட்டறைக்கே போகிறது. நம் மணி உதிர்ந்த மூலக்கூறு நீரோடு போகிற சாதி இல்லை, சேற்றோடு தங்கும். அந்தச் சேற்றில் ஒரு பங்கு சிமெண்ட் ஆலைகளுக்கு எரிக்கப் போகிறது. ஆயிரத்து நானூறு டிகிரிச் சூளையில் கவட்டை வாலாவது, வளையமாவது. பாக்டீரியாவால் ஆகாத முழுச் சிதைவு அங்கே ஒரு நொடியில் முடிகிறது.

கவட்டையில்லாத வால் கிடைக்காத பொருளும் இல்லை. பொள்ளாச்சித் தேங்காயின் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி, பன்னிரண்டு கரி அணுக்கள் நேராகக் கோத்த லாரிக் அமிலம். தேங்காய், பனை வித்து எண்ணெய்களின் இந்த நேர்வாலில் அதே மணிச்சரட்டைக் கட்டிய வெட்டிங் ஆயில்கள் சந்தையில் இருக்கின்றன. பாக்டீரியா இரண்டு முனையிலும் தின்னும். விலைதான் கொஞ்சம் கூட.

அணையின் பழைய சேறு வேறு கதை. ஆக்சிஜன் படாத ஆழத்தில் நோனைல்ஃபீனால் பல பத்தாண்டுகள் அசையாமல் கிடக்கும். காற்றுப்பட்டால் வளையத்தை உடைக்கத் தெரிந்த பாக்டீரியாக்கள் மெதுவாக வேலையைத் தொடங்கும். வாரங்கள், மாதங்கள் ஆகும். ஒரத்துப்பாளையத்து அடுக்குகளில் அது படிந்திருந்தால், எந்த வெள்ளம் எந்த அடுக்கைக் கிளறி மேலே போடுகிறதோ அந்த அடுக்கில்தான் பாதியில் நின்ற அந்தச் சிதைவு மறுபடி ஓடத் தொடங்கும். அப்போது நுரை எதுவும் வராது.